சத்தமில்லாத வண்டி

பட்டாசுக் கம்பெனிக்குள் ஓட்டுவதற்குப் பெட்ரோல் வண்டிதான் தோது என்று ஒரு ஃபோர்மேனே சொன்னால், அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

முதலாளி மகன் மகேஷ்குமாரும் அதைத்தான் நினைத்தான்.

"எந்தக் கடைக்காரன் கமிஷன் தாரேன்னான் அண்ணாச்சி?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

ஃபோர்மேன் தனுஷ்கோடிக்குச் சுருக்கென்றது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கிற அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு ஷெட்டும் எட்ட எட்ட இருக்கும். பட்டாசுக்கு அதுதான் சட்டம். முதலாளி செந்தூர்பாண்டிக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி, அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவருக்கோ ஷெட் ஷெட்டாகப் போய்ப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. பெரிய ரிசார்ட்டுகளில் ஓடுமே, பக்கமெல்லாம் திறந்த கோல்ஃப் வண்டி, அதில் ஒன்று வாங்கலாம் என்றான் மகன்.

கேஸா, எலக்ட்ரிக்கா என்று அவன் இங்கிலீஷ் விளம்பரத்தைப் படித்ததும், சிலிண்டர் வைத்த வண்டியாக்கும் என்று தனுஷ்கோடி பதறிப்போனான். அமெரிக்காவில் பெட்ரோலைத்தான் கேஸ் என்பார்களாம். அப்படிப் பதறியவனே கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் வண்டிக்கு வக்காலத்து வாங்கினால் சந்தேகம் வராதா?

கரண்ட் போனால் சார்ஜ் ஏறாது, லோடு இழுக்காது என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தான். முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். நடந்தாலே கொல் கொல்லென்று இருமுகிறவர், ஆபீசில் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, ஒரு செருமல்கூட இல்லை.

"யோசிச்சுச் சாயங்காலம் சொல்லு" என்றார் கடைசியில்.

தனுஷ்கோடியால் உட்கார முடியவில்லை. கேட் வரைக்கும் போனான், திரும்பி வந்தான். தண்ணீர் குடித்தான், மறுபடி குடித்தான். அவனுக்கு வேண்டியது பெட்ரோல் இல்லை, சத்தம். பேட்டரி வண்டி ஊமை. பூனை மாதிரி வந்து வாசலில் நின்றுவிடும்.

நின்றால் முருகம்மாளின் பாடு முடிந்தது.

பேக்கிங் ஷெட்டில் இருக்கிற முருகம்மாளுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வேலையில் இருக்கிற வரைக்கும்தான் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வைத்தியம். அதனால் அவள் வந்து உட்கார்ந்திருப்பாள். கூட இருக்கிற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் மத்தாப்புப் பெட்டியை அடைத்து அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். தனுஷ்கோடிக்கும் தெரியும். 'வேலை செய்யாத கைக்கு இங்க இடமில்ல' என்று முதலாளி சொல்லுவதும் தெரியும்.

இத்தனை நாள் காப்பாற்றியது அவருடைய இருமல்தான். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போதே ஆரம்பித்துவிடுவார். சத்தம் கேட்டதும் பக்கத்தில் இருக்கிற செல்லக்கனி பாதி அடைத்த பெட்டியை முருகம்மாள் கையில் திணிப்பாள், மற்றவர்கள் மறைத்தாற்போல் நகர்ந்து உட்காருவார்கள். இருமல் முதலாளி என்று பேரே வைத்திருந்தார்கள். வெடிமருந்துத் தூசி நெஞ்சில் கட்டிவிட்டது, பாவம், நடந்தால் இரைக்கிறது என்று பரிதாபம் வேறு. நடந்தால்தானே இருமல்? வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து வருகிறவருக்கு எதற்கு வரப்போகிறது?

பொறுக்க முடியாமல் தனுஷ்கோடி ஷெட்டுக்கே போய் வண்டி விஷயத்தைச் சொல்லிவிட்டான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்ரோலையே சொல்லுங்கள் என்று எல்லாருக்கும் வாய் வரைக்கும் வந்தது, ஒருத்திக்கும் சொல்லத் துணிவு இல்லை. சூடான புகைக்குழாயும் பெட்ரோலும் மருந்து ரூமைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்துப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

முருகம்மாள்தான் குழறிக் குழறிப் பேசினாள். "என் ஒருத்திக்காக நெருப்பக் கொண்டாந்து உள்ள விடாதீக அண்ணே. நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன்."

செல்லக்கனி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தனுஷ்கோடிக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

சாயங்காலம் ஆபீசுக்குள் நுழைந்ததும் நின்றபடியே சொன்னான். "பேட்டரி வண்டியே வாங்கிருங்க மொதலாளி."

"காலைல பெட்ரோல்னயே?"

"புத்தி கெட்டுப்போயிச் சொல்லிட்டேன்."

கமிஷன் படியவில்லைபோல என்று மகேஷ்குமார் முணுமுணுத்தான். செந்தூர்பாண்டி அவனைக் கையமர்த்தினார்.

"பேட்டரியே ஆர்டர் போடு" என்றார் மகனிடம். "வண்டி வந்ததும், மாட்டுக்குக் கட்டுற வெங்கலச் சலங்கை இருக்கும்லா, அதுல ரெண்டு சரம் வாங்கி முன்னாடி கட்டிரு. தொட்டிகிட்ட வரும்போதே பேக்கிங் ஷெட்டுக்குக் கேக்கணும்."

"சலங்கையா? ஊரே சிரிக்கும்ப்பா. எதுக்கு அது?"

செந்தூர்பாண்டி மகன் பக்கம் திரும்பவே இல்லை. தனுஷ்கோடியைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

"எம்புட்டு நாளைக்குத்தாம்லே நானும் இருமிக்கிட்டே வாரது?"