பிள்ளையின் பெயரில் ஒரு உறுதி

வவுணதீவில் வாங்கும் வீடு வளவுக்குக் காணி உறுதி எழுதுவதற்காக, புளியந்தீவில் நொத்தாரிசு வினாயகமூர்த்தி பேனாவைத் திறந்தார். எதிரே கலாஜினி தலை குனிந்து இருந்தாள். பக்கத்தில் பத்தினிப்பிள்ளை, அசையாமல். மேசையில் சாய்த்து வைத்திருந்த போனில், கட்டாரிலிருந்து கலாஜினியின் கணவன் கேதீசன்.

“சேர், ரெண்டு பேர்ட பேரையும் போடுங்க,” என்றான் அவன்.

“வேணாம்,” என்றாள் பத்தினிப்பிள்ளை. “பிள்ளைட பேர் மட்டும் போதும்.”

“உழைக்கிறது நான்தானே?”

“நீ வாயப் பொத்திக்கொண்டு இரு.”

வினாயகமூர்த்தி திடுக்கிட்டு நிமிர்ந்தார். முப்பது வருடத் தொழிலில் மருமகனை இப்படி அதட்டிய மாமியை அவர் கண்டதில்லை.

“அம்மா, மகளுக்காக நீங்க நிக்கிறது நியாயந்தான். அதுக்காக மருமகன்ட மனம் நோகக் கூடாதே.”

“மகளா?” பத்தினிப்பிள்ளை சிரித்தாள். “இவ என்ர மருமகள். போனில நிக்கிறவன்தான் என்ர மகன்.”

நொத்தாரிசின் பேனா அந்தரத்தில் நின்றது.

“தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, சேர். சீதன வீடு குடுக்க ஆளில்லாமத்தான் கலியாணம் முடிச்சவ. என்ர வீட்டை நான் என்ர மகளுக்குக் குடுத்திட்டன். இவ நாலு வருசமா வாடகை வீட்டில இருக்கா. பொம்பிளப் பிள்ளைக்குச் சொந்தமா ஒரு வீடு வேணும்தானே? எழுதுங்க.”

கலாஜினி இப்போதுதான் தலை நிமிர்ந்தாள்.

கேதீசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப நான் ஊருக்கு வந்தா எங்க இருக்கிற, அம்மா?”

“உங்கப்பா இருந்த மாதிரித்தான். பொஞ்சாதிட வீட்டில.”