ஒழுகாத மாளிகை

பதினோரு மணிக்குத்தான் பேங்க் மேனேஜர் வருவதாகத் தகவல். பத்தரைக்கே சபாரி சூட்டும் தோல்பையுமாக ஆள் வந்து நிற்கவும் வைத்திலிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இப்போதிருக்கிற இடம் ஒழுகுகிறதென்று பேங்க் பெரம்பலூரில் வேறு கட்டடம் தேடுகிறது. மீன்சுருட்டி நிலத்தை விற்று வைத்திலிங்கம் கட்டிய கட்டடமோ மூன்று வருஷமாகக் காலி. முகப்பில் 'வைத்திலிங்கம் மாளிகை' என்று ஆளுயர எழுத்து இருக்கிறது. வாடகைக்குத்தான் ஆள் இல்லை. பேங்கும் கைவிட்டால் சோற்றுக்கே ததிங்கிணத்தோம்.

"வாங்க சார்! கல்லங்குறிச்சிப் பெருமாளே நேர்ல வந்தாப்பல இருக்கு."

வந்தவர் உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தார். மேலே கூடம் முழுக்கக் கல்யாணப் பந்தல் துணி.

"என்னங்க, வீட்ல விசேஷமா?"

"உங்களுக்காகத்தான் சார். சும்மா ஒரு அலங்காரம்."

அலங்காரத்தின் நடுவிலிருந்து ஒரு சொட்டு வைத்திலிங்கத்தின் மூக்கில் விழுந்தது. வந்தவர் சுவரை உள்ளங்கையால் தட்டினார். பூச்சு பொத்தென்று உதிர்ந்தது.

"மாடியில தண்ணி தேங்குது. மொத வருஷம் கறை தெரிஞ்சிருக்கும். மறுவருஷம் பூச்சு உப்பியிருக்கும். இப்ப உள்ளார கம்பி துருப்பிடிச்சு காரையத் தள்ளுது. சரிதானுங்களா?"

கூடவே இருந்து பார்த்தவர் போலச் சொன்னார். வைத்திலிங்கம் உடைந்துபோனார்.

"மழத்தண்ணி போற குழாய் என் பேரு மேலயே ஊத்துச்சு சார். பேரு பாசி புடிச்சு அசிங்கமா போச்சு. நான்தான் குழாய அடைக்கச் சொன்னேன். கொத்தனார் தர்மன் தலயில அடிச்சிக்கிட்டான், கேக்கல."

"அடடா! வேற எங்கல்லாம் ஒழுகுது?" என்றார் வந்தவர், கரிசனமாக.

"லாக்கருக்குன்னு ஒதுக்கின ரூம்ல ஊத்தவே ஊத்துது சார்."

"ம்."

வைத்திலிங்கம் சடாரென்று அவர் காலைப் பிடித்துக்கொண்டார். "உங்க புள்ளயா நினைச்சுக்குங்க சார். ஒரு மாசம் குடுங்க, எல்லாத்தையும் சரி பண்ணிடறேன். பேங்குல மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

வந்தவர் காலை மெல்ல விடுவித்துக்கொண்டு முதல்முறையாகச் சிரித்தார்.

"சொல்லாம இருப்பேனா? மேனேஜர் வரட்டும், வாசல்லயே நின்னு சொல்றேன். பேங்க் இப்ப நனைஞ்சுக்கிட்டு இருக்கறது என் பில்டிங்லதாங்க!"