கட்டிக்குள் இருந்தது

இப்போதெல்லாம் டாக்டர்கள் வந்தவன் முகத்தைப் பார்ப்பதில்லை, கம்ப்யூட்டரோடுதான் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே கிழவர் உட்கார்ந்தார். மகளின் சினைப்பையிலிருந்து எடுத்த கட்டி கேன்சரா இல்லையா என்று இன்று தெரிந்துவிடும்.

"கேன்சர் இல்லைங்க ஐயா," என்றார் டாக்டரம்மா. "சினைப்பையில ஒருவகை செல்லு இருக்கு, ஸ்டெம் செல் மாதிரி. தோல், முடி, பல்லுன்னு எதுவா வேணா மாறும். அடங்காம பெருகிக்கிட்டே போனாத்தான் கேன்சர். இது பல்லாவும் முடியாவும் முதிர்ந்து நின்னுடுச்சு."

"வயித்துக்குள்ள பல்லா? காதுல பூ சுத்தாதீங்கம்மா."

டாக்டரம்மா ஒரு கண்ணாடிக் குப்பியை நகர்த்தி வைத்தார். ஒரு கொத்து முடிக்கு நடுவே கடைவாய்ப்பல் ஒன்று இருந்தது. கிழவர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். பல்லின் முனைகள் மென்று மென்று மழுங்கியிருந்தன. சொத்தைக் குழியில் வெள்ளி அடைத்திருந்தது.

"எம்பொண்ணு பல் டாக்டர்கிட்ட போனதே இல்லையே. இதை யாரு அடைச்சது?"

டாக்டரம்மா குப்பியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "அதைத்தான் காலையிலேருந்து நானும் பாத்துக்கிட்டிருக்கேன்."

கிழவர் குப்பியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவ பொழைச்சாளே, அது போதும். ஆனா இது தானா முளைச்சதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க," என்று சொல்லிவிட்டு, மகள் படுத்திருந்த அறையை நோக்கி நடந்தார்.