இன்சூரன்ஸ் இல்லை

ஞாயிறு ஆராதனை முடிந்துவிட்டது. தேவாலயத்துக்கு வெளியே வெயிலில் கொதிக்கும் காருக்குள் மார்லிஸும் அவள் நாத்தனார் டெல்லாவும் ஒரே போனின் மேல் குனிந்திருக்கிறார்கள். கருத்தடை மாத்திரை மலிவாகக் கிடைக்கும் இணையக் கடையை டெல்லா தேடிப் பிடித்துவிட்டாள். "இன்சூரன்ஸ் இருக்கான்னு கேக்குது அண்ணி." "இருக்குன்னா மாத்திரை இனாம்தான். ஆனா இன்சூரன்ஸ் உன் அண்ணன் பேர்லல்ல இருக்கு? என்ன வாங்கினோம்னு அவருக்குக் கடுதாசி போட்டுருவானுங்க." "அப்ப இல்லைன்னு தட்டுங்க. பார்சல் என் வீட்டுக்கு வரட்டும். போன பிரசவத்துல செத்துப் பொழச்சது போதாதா?" "அவர ஏமாத்துறேனேடி." "எங்கண்ணனையா? மீன் பிடிச்ச கதையில அவன் விடாத புளுகா!" மார்லிஸ் சிரிக்கிறாள். சிரிப்பு அடங்குமுன் அவள் விரல் 'இல்லை' என்பதைத் தொடுகிறது. ஜன்னலில் யாரோ தட்டுகிறார்கள். வியர்வையும் சந்தோஷமுமாக அவள் கணவன் வெண்டெல் நிற்கிறான். "போதகர்கிட்ட சொல்லிட்டேன் மார்லிஸ்! நமக்கு இன்னொரு குழந்தை வேணும்னு அடுத்த வாரம் சபையே ஜெபம் பண்ணப்போகுது." போனைப் பாவாடை மடிப்புக்குள் செருகுகிறாள் மார்லிஸ். சிறு வயதிலிருந்து பழகிய வாய், அவளைக் கேளாமலே சொல்லிவிடுகிறது: "ஆமென்."