நடுப் பந்து

இரட்டையர் டென்னிஸில் இயந்திரத்தோடும் ஜோடி சேரலாம் என்று விதி வந்ததும், சங்கம் முதலில் வசுமதியைச் சோதனை ஆட்டத்துக்கு அழைத்தது. எட்டு ஆண்டுகளாக அவளோடு ஜோடியாக ஆடும் ரெபேக்கா மைதானத்துக்கு வெளியே காத்திருந்தாள்.

வசுமதி வியர்வையோடு வந்தாள்.

"எப்படி ஆடுச்சு?"

"ஒரு தப்புகூடப் பண்ணலக்கா."

ரெபேக்கா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நல்லதுதான். இனி என் முட்டிவலிக்காக நீ எனக்கும் சேர்த்து ஓட வேணாம்."

"அது என்னை வேண்டாம்னு சொல்லிடுச்சு."

"உன்னையா? ஏன்டி?"

"நடுவுல வர்ற பந்தை நான்தான் அடிக்கணுமாம். நான் பழக்கத்துல எல்லாத்தையும் விட்டுட்டு நின்னேன். அது உங்க பந்தாச்சே."

ரெபேக்கா பையை மெல்ல இறக்கி வைத்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"அந்தப் பந்தை அடிக்க உனக்குக் கத்துத்தரவே மாட்டேன், போ."