இரும்புத் தூள்

"இன்னிக்குச் சொல்லியே ஆவணும் சித்தப்பா. இதுக்கு மேல தள்ள முடியாது" என்றாள் ஜெர்லின்.

அமிர்தராஜ் மொட்டைத் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உப்பளத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். தலைக்குள்ளே கட்டி என்று ஊரில் அவரே சொல்லி வைத்திருந்தார். வேளாங்கண்ணியில் போய் முடி இறக்கிவிட்டு வந்த அந்த மொட்டையைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஜெர்லின் அவருடைய அண்ணன் மகள், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர். போன மாதம் புருஷன் பெண்டாட்டி இருவரையும் அங்கே கூட்டிப்போய்த் தலையை ஸ்கேன் எடுக்க வைத்தவள் அவள்தான். சுனாமி வந்துபோன அடுத்த கோடை அது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நேரே அளத்துக்கு வந்துவிட்டாள்.

"ஆபரேஷன் முடியாதுன்னுட்டாங்களே. இப்ப இன்னாதான் பண்ணுவாங்களாம்?" என்று கேட்டாள் அமிர்தராஜின் மனைவி ஆனந்தம்மாள்.

ஜெர்லின் காலடியில் கிடந்த உப்புக் கல் ஒன்றை எடுத்தாள். "நானோன்னு ஒரு இரும்புத் தூள் சித்தி. இந்தக் கல்ல கோடித் துண்டா ஒடைச்சாக்கூட அத்தவிடப் பொடிசு. ஊசியில கட்டிக்குள்ள ஏத்திட்டு, காந்த மெஷினுக்குள்ள படுக்க வெப்பாங்க. தூள் சூடாவும், கட்டி வெந்துடும்."

"சுடுமா?"

"லேசா சூடு தெரியும். ஆனா மேல பொட்டு நகை இருக்கக்கூடாது. சொத்தைப் பல்லை அடைச்சதக்கூட எடுத்துடுவோம்."

ஆனந்தம்மாள் தலையாட்டிவிட்டு ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினாள். டம்ளருக்குப் பக்கத்தில், வெறும் பலகையில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "பயத்துல கை நிலையா நிக்கல" என்று அமிர்தராஜ் அவசரமாக ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டார்.

"பொழைச்சிக்கலாமா?" என்றாள் அவள்.

"சும்மா விட்டா..." என்று இழுத்த ஜெர்லின் அதை முடிக்கவில்லை. "இதுல ஒரு வாய்ப்பு இருக்குது சித்தி, அவ்ளோதான். புது வைத்தியம். அதனால நோயாளி எல்லாந் தெரிஞ்சி, தன் வாயால சரின்னு சொல்லணும். இல்லன்னா ஊசி போட மாட்டாங்க. சொல்லுங்க சித்தப்பா."

"என்னால ஆவாதும்மா."

அமிர்தராஜ் துண்டால் கண்ணைத் துடைத்தார். உப்பளத்தில் கண்ணைத் துடைத்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அது ஒரு வசதி.

ஆனந்தம்மாளுக்கு அழுகை வரவில்லை. உப்பு வாரி வாரி மரத்துப்போன கால்களைப்போல நெஞ்சும் மரத்துக் கிடந்தது. வெள்ளை வெளேரென்று கிடந்த பாத்திகளைப் பார்த்தாள்; பலகையில் வழிந்து கிடந்த டீயைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை விலக்கி, தாலிச் செயினைத் தலை வழியே கழற்றினாள்.

"அடிப்பாவி!" அமிர்தராஜ் பதறி எழுந்தார். "நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கறப்பவே தாலியக் கழட்டுறியா?"

அவள் அவருடைய கையை விரித்து, அதில் செயினை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"பத்திரமா வெச்சிருங்க" என்றாள். பிறகு ஜெர்லின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குச் சம்மதம்மா. மெஷினுல படுக்கப் போறவ நாந்தானே?"