நனைந்த சட்டைக்கை

மகீசேயின் வலது சட்டைக்கை முழங்கை வரை நனைந்திருந்தது. சகீலே முதலில் பார்த்தது அதைத்தான். பிறகுதான் தொட்டியைப் பார்த்தான்.

"நோன்லே! ஓடி வா! என் பவளத்தைக் காணோம்!"

நோன்லே சமையலறையிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, நண்பர் மகீசேயையும் கூட்டிக்கொண்டு அவர்கள் டர்பன் நகரத்து வீட்டுக்குத் திரும்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கணவனும் மனைவியும் தேநீர் போட உள்ளே போக, அவர் மட்டும் கூடத்தில் இருந்தார்.

கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது அந்தக் கடல்நீர்த் தொட்டி. இரண்டு கோமாளி மீன்கள், நாலைந்து நத்தைகள், எப்போதும் தலையில் ஒரு வெறும் சிப்பியைக் கவிழ்த்துக்கொண்டு திரியும், உடம்பெல்லாம் முள்ளான உருண்டைக் கடல் முள்ளெலி ஒன்று. அதற்கு 'பிஷப்' என்று பெயர் வைத்தவள் நோன்லே.

புதன்கிழமை வந்து சேர்ந்ததுதான் அந்தப் பச்சைப் பவளம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. சகீலே அதைச் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீருக்குப் பழக்கி, விளக்கைக் குறைத்து, நிழலான மூலையில் மணல்மேல் வைத்தான். ஒரு வாரம் கழித்துத்தான் பாறையில் பசை போட்டு ஒட்ட வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் கதவை அறைந்து சாத்தக் கூடாது.

"நான் பிள்ளை பெத்து வந்தப்பகூட இந்த வீட்டுல இப்படி ஒரு அமைதி இல்லை" என்று நோன்லே சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் ஏறவில்லை. இன்று காலை பவளத்தின் மொட்டுகள் முதன்முதலாக விரிந்தபோது, கட்டிய டையோடு கூடத்தைச் சுற்றி ஆடித் தீர்த்துவிட்டுத்தான் ஆராதனைக்கே கிளம்பினான்.

"உன் பவளத்துக்காக ஜெபம்கூடப் பண்ணேன், தம்பி. எனக்கு ஒரு துண்டு எப்போ?" என்று ஆராதனை முடிந்து வரும் வழியில் கேட்டிருந்தார் மகீசே. ஒரு துண்டை ஒடித்து நண்பனுக்குக் கொடுப்பது பவளம் வளர்ப்பவர்களின் வழக்கம்தான். தன்னுடையது செத்துப்போனால் அவனிடமிருந்து திரும்பக் கிடைக்கும். ஆனால் சகீலே, "வளரட்டும், பாக்கலாம்" என்று நழுவிவிட்டான்.

இப்போது அந்த மூலையில் பவளம் இல்லை. ஒரு வெறும் சிப்பி மட்டும் கிடந்தது.

"தொட்டிக்குள்ள எதுக்குக் கையை விட்டீங்க, மிஸ்டர் மகீசே?"

நோன்லே திடுக்கிட்டாள். 'கபசேலா' என்று குலப்பெயர் சொல்லியே மரியாதையாகக் கூப்பிடுகிறவன், பத்து வருடத்தில் ஒரு நாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஒரு நத்தை மல்லாந்து கிடந்துச்சு, தம்பி. தானாத் திரும்ப முடியாமத் தவிச்சுது. நிமித்தி விட்டேன்."

"அப்போ என் பவளம்?"

"நான் பாக்கலையே."

"பின்னே, அதுக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

மகீசே கோபப்படவில்லை. சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் தானே வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு மூக்குக்கண்ணாடி, சின்னப் பாட்டுப் புத்தகம், பாதி சப்பிக் காகிதத்தில் சுற்றி வைத்த ஒரு மிட்டாய். தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.

"வீட்டுக்கு வந்ததும் தொட்டியைப் பாத்தியா நீ?" என்றாள் நோன்லே. "காலையில கிளம்பும்போது பாத்ததுதானே? நடுவுல நாலு மணி நேரம் போயிருக்கு. பழியை அவர் தலையில போடுறியே!"

"கை நனைஞ்சிருந்துச்சே?" என்றான் அவன். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

முக்கால் மணி நேரத்தில் வாசல் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. மகீசே! கோட்டுக்குள் எதையோ வயிற்றோடு அணைத்தபடி விறுவிறுவென்று வந்தார். உள்ளே தண்ணீர் நிரம்பிய ஒரு பை. அதில் ஒரு பவளம்.

"பாத்தியா? கொண்டு வந்துட்டார்!" என்று துள்ளினான் சகீலே. நோன்லே முகம் வாடிப்போனாள்.

மகீசே பையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்தது பச்சை இல்லை. ஆரஞ்சு.

"இது என் வீட்டுது, தம்பி. பாதி ஒடிச்சுக் கொண்டு வந்தேன். நாலு நாளாத் தூக்கமில்லாமப் பாத்துக்கிட்டியே, காலி மூலையைப் பாத்துக்கிட்டு நீ உக்காந்திருப்பியேன்னு மனசு கேக்கலை."

"நான் உங்களைத் திருடன்னு..."

"சொன்னே. அதுக்கு இந்தப் பவளம் என்ன பண்ணும்? தண்ணி ஆறிடப் போகுது, சீக்கிரம் பையைத் தொட்டியில மிதக்க விடு."

சகீலே பையை வாங்கினான். 'வளரட்டும், பாக்கலாம்' என்று வழியில் தான் சொன்னது நினைவுக்கு வந்து நெஞ்சில் குத்தியது. "கபசேலா..." என்றான்.

பைக்கு இடம் பார்க்கத் தொட்டியருகே குனிந்த நோன்லே, பின்பக்கப் பாறையையே உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்த முடியாமல், தரையிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க! நம்ம பிஷப் இன்னிக்குப் பச்சைத் தொப்பி போட்டிருக்கார்!"